ஸ்பீட்வே: விதியா, மண்ணா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் பிரித்தானிய ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயம் பற்றி எழுதியிருந்தோம். இங்கிலாந்தில் உறவினர்களைக் கொண்ட வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். அவற்றுள் ஐந்துக்கு இங்கே பதிலளிக்கிறோம்.

கேள்வி: என் மருமகன் லெஸ்டரிலிருந்து அனுப்பிய காணொளியில் வண்டிகள் வளைவுகளில் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போகின்றன. அவற்றுக்குப் பிரேக்கே இல்லை என்கிறார். அது எப்படி, ஐயா?
– வாசகி, வவுனியா

பதில்: அவர் சொல்வது உண்மைதான், அம்மா. 500 சீசீ ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், மெதனோல் எரிபொருள், ஒரே ஒரு கியர், ஒரு கிளச் ஆகியவற்றைத் தவிர அந்த வண்டியில் பெரிதாக எதுவுமில்லை. வளைவுக்குள் நுழையும்போது வீரர் பின்சக்கரத்தை வெளிப்புறமாகச் சறுக்கவிட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்தபடி, அடியில் இரும்புத் தகடு பொருத்திய இடக்கால் சப்பாத்தை மண்ணில் வழுக்க விடுகிறார். வேகத்தைக் குறைப்பதும் வண்டியைத் திருப்புவதும் அந்தச் சறுக்கல்தான். அணிக்கு இருவராக நால்வர் நான்கு சுற்றுகளை இடப்பக்கமாகவே ஓடி முடிக்க ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும்.

கேள்வி: பிரித்தானிய ரசிகர்கள் வீரர்களைவிடப் பந்தயத் தடத்தைப் பற்றியே அதிகம் குறை சொல்கிறார்கள். தோற்ற அணிக்கு ஒரு சாட்டு வேண்டும் என்பதற்காகவா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: சாட்டுச் சொல்பவர்களும் இருப்பார்கள். ஆனாலும் அந்தக் குறையில் பெரும் நியாயம் இருக்கிறது என்பதே எமது உறுதியான கருத்து.

பிரித்தானியத் தடங்கள் ஷேல் எனப்படும் பொடிக்கல்லால் ஆனவை. அடியில் இறுகிய படையும், அதன்மேல் மெல்லிய தளர்ந்த படையும் இருக்கும். பின்சக்கரம் பிடித்து உந்துவது இந்த மேற்படையில்தான். ஓட்டங்கள் நடக்க நடக்க அந்தத் தளர்ந்த மண் உள்வட்டத்திலிருந்து வாரி வீசப்பட்டு வேலியோரம் சேர்கிறது. உள்வட்டத்தில் தூரம் குறைவு, ஆனால் வழுக்கல். வெளிவட்டத்தில் தூரம் கூட, ஆனால் பிடிப்பு இருக்கிறது. இரண்டும் ஏறத்தாழச் சமநிலையில் இருக்கும்போதுதான் மூன்றாவதாக வருபவர் வேலியோரமாக வேகமெடுத்து, வளைவு முடியுமிடத்தில் உள்ளே வெட்டி இருவரை முந்திச் செல்லும் காட்சி கிடைக்கிறது. சில ஓட்டங்களுக்கு ஒருமுறை உழவு இயந்திரம் இறங்கி மண்ணைத் திரும்ப உள்ளே இழுத்துச் சமன் செய்வதும், பவுசரால் தண்ணீர் விடுவதும் இந்தச் சமநிலையைக் காப்பதற்காகவே.

தண்ணீர் போதாமல் தடம் காய்ந்துவிட்டால் முதல் வளைவை முதலில் அடைந்தவரே வெற்றி பெறுகிறார். மற்ற மூவரும் வரிசையாகப் பின்தொடர்கிறார்கள். அதனால்தான் வீரர்கள் தொடக்க நாடாவின் (மேலெழும்போது ஓட்டத்தைத் தொடக்கும் குறுக்கு நாடா) முன்னே வந்ததும், தமக்குரிய இடத்து மண்ணைச் சப்பாத்தால் கிளறிக் கிளறி, பின்சக்கரம் நிற்கப்போகும் அந்த ஒரு சாண் இடத்தைப் பதப்படுத்துகிறார்கள். பின்தங்கியவருக்கு இழப்பு தூரம் மட்டுமன்று. முன்னே செல்பவர்களின் பின்சக்கரங்கள் வாரியடிக்கும் மண் அவருடைய கண்ணாடியை மூடிவிடுகிறது. கண்ணாடிமேல் ஒட்டியிருக்கும் மெல்லிய ஒளிபுகு தாள்களை ஓடும்போதே ஒவ்வொன்றாக உரித்தெறிந்துதான் அவர் பாதையைப் பார்க்கிறார்.

தடத்தைத் தயாரிப்பது சொந்தக் கழகம். துடுப்பாட்டத்தில் சொந்த மைதானத்து ஆடுகளம் தம் பந்துவீச்சாளருக்கு ஏற்ப அமைவதுபோல, இங்கேயும் சொந்த வீரர்களுக்குப் பழகிய மண் அமைவதை நாம் குற்றமாகக் கருதவில்லை. குழி விழுந்த தடத்தில் வீரர்களை இறக்குவதுதான் குற்றம். பிரேக் இல்லாத வண்டி, வளைவின் நடுவில் திடீரென்று பிடிப்புக் கிடைத்தால், நிமிர்ந்து நேராக வேலியை நோக்கிப் பாயும். மான்செஸ்டரில் தேசிய ஸ்பீட்வே அரங்கம் 2016 மார்ச் மாதத்தில் திறக்கப்பட்டபோது, தடம் தகுதியற்றது என்று தொடக்க நாள் பந்தயமே கைவிடப்பட்டது. கூடியிருந்த மக்களுக்கு அது பெரும் ஏமாற்றம்; ஆயினும் அந்த முடிவு சரியானது. பின்னர் திருத்தப்பட்ட அதே தடத்தை முந்தல்கள் நிறைந்த தடம் என்று இன்று ரசிகர்கள் பாராட்டுகிறார்கள். 2015இல் வார்சாவில், அரங்கத்துக்குள் தற்காலிகமாகக் கொட்டிய மண்ணில் நடந்த உலகப் போட்டி பன்னிரண்டு ஓட்டங்களோடு நின்றுபோனது; தொடக்க நாடாவின் கோளாறும் தடத்தின் நிலையும் சேர்ந்தே அதை நிறுத்தின. விதிப்புத்தகத்தை ஆண்டுதோறும் திருத்துவதில் காட்டும் அக்கறையில் பாதியைத் தடப் பராமரிப்பில் காட்டினால், ரசிகர்களின் முறைப்பாடுகளில் பெரும்பகுதி தானாகவே நீங்கும்.

கேள்வி: பின்தங்கிய அணிக்கு இரட்டைப் புள்ளி கொடுத்த விதி பற்றி ரசிகர்கள் இன்னமும் விவாதிக்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?
– வாசகர், மாங்குளம்

பதில்: அது தவறான விதி. ஓர் ஓட்டத்தில் முதலாமவருக்கு 3, இரண்டாமவருக்கு 2, மூன்றாமவருக்கு 1 என ஆறு புள்ளிகள் உண்டு; ஒரு போட்டியின் பதினைந்து ஓட்டங்களுக்கு 90. ஆகவே 46–44 என்ற முடிவைப் பார்த்தவுடனேயே போட்டி எவ்வளவு நெருக்கமாக நடந்தது என்பது புரியும். இரட்டைப் புள்ளி வந்த காலத்தில், பின்தங்கிய அணியின் தெரிவுசெய்யப்பட்ட வீரர் முதலாவதாகவும் அவருடைய தோழர் இரண்டாவதாகவும் வந்தால் அந்த ஓட்டம் 8–1 (இரட்டித்த 6, தோழரின் 2) என்று பதிவாயிற்று. பல ஓட்டங்களில் உழைத்துச் சேர்த்த முன்னிலை ஒரு நிமிடத்தில் கரைந்துபோனது. மோதல் கடைசிவரை உயிரோடிருக்க வேண்டும் என்ற ஆதரவாளர்களின் வாதம் எமக்கு விளங்குகிறது. அதற்குப் பழைய வழியே போதும்: பின்தங்கிய அணி, திறமை குன்றிய வீரருக்குப் பதிலாகத் திறமையுள்ளவரை மேலதிகமாக ஓடவிடும் தந்திரோபாய மாற்றீடு. அதில் வீரர் களைத்த உடலோடு மீண்டும் இறங்கி, எல்லாரும் பெறும் அதே மூன்று புள்ளியைத்தான் உழைத்துப் பெறுகிறார்.

கேள்வி: வேறு அணி வீரர் ஒருவர் ஒருநாள் விருந்தினராக வந்து ஓடுவது நியாயமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: எமக்கும் பிடிக்கவில்லை, ஆனால் தவிர்ப்பது கடினம். அணியில் எழுவர் மட்டுமே. காயங்கள் அடிக்கடி நேரும். வீரர் பலர் போலந்திலும் சுவீடனிலும் கூட ஓடுகிறார்கள். வராதவரின் புள்ளிச் சராசரியை மிஞ்சாத சராசரி உடையவரே விருந்தினராகலாம் என்ற கட்டுப்பாடு ஓரளவு சமநிலை தருகிறது. அந்தச் சராசரியே அடுத்த பருவத்தில் எந்த வீரர்களைச் சேர்த்து அணி அமைக்கலாம் என்பதையும் தீர்மானிப்பதால், அதைச் சுற்றி எழும் சந்தேகங்கள்தான் ரசிகர்களை அதிகம் புண்படுத்துகின்றன.

கேள்வி: எங்கள் ஊரில் கிறவலுக்குக் குறைவில்லை, மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளைஞருக்கும் குறைவில்லை. வன்னியில் ஸ்பீட்வே நடத்த முடியாதா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: மோட்டார் சைக்கிளில் இப்போதைக்கு வேண்டாம் என்பதே எமது பதில். கிறவலில் கிடக்கும் உருண்டைக் கற்கள் பின்சக்கரத்திலிருந்து தெறித்தால் பின்னால் வருபவரின் முகத்தில்தான் படும். மெதனோல் தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்குத் தெரிவதே அரிது. பிரித்தானியாவில் வளைவுகளில் காற்றடைத்த வேலி போடுகிறார்கள். மருத்துவரும் நோயாளர் காவுவண்டியும் இல்லாமல் ஓட்டம் தொடங்காது. 2024 ஏப்ரலில் தியத்தலாவையில் பந்தயக் கார் பார்வையாளர்மீது பாய்ந்து எழுவர் உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது.

ஆனால் இதற்கு ஒரு தம்பி விளையாட்டு உண்டு: சைக்கிள் ஸ்பீட்வே. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், பிரித்தானிய நகரங்களில் குண்டு விழுந்து தரைமட்டமான வெற்றுக் காணிகளில் சிறுவர்கள் பழைய சைக்கிள்களைக் கொண்டு தாமாகவே தொடங்கியது அது. இன்றும் கழகங்களோடும் தேசியப் போட்டிகளோடும் நடக்கிறது. பிரேக் இல்லாத ஒற்றைக் கியர் சைக்கிள், நால்வர், நான்கு சுற்று, தொடக்க நாடா, இடப்பக்க வளைவு என எல்லாம் ஒன்றே. நூறு மீற்றருக்கு உட்பட்ட முட்டைவடிவத் தடம் போதும் என்பதால் பாடசாலை மைதானத்தின் ஒரு மூலையிலேயே அமைக்கலாம். கிறவலை அரித்துக் கற்களை நீக்கிப் பரப்பி, நீர் தெளித்து இறுக்க வேண்டும். உள்விளிம்பில் வெள்ளைக் கோடு, தலைக்கவசம், முழங்கால் காப்பு, கண்டிப்பான ஒரு நடுவர் ஆகியவை கட்டாயம். முழங்கையால் இடிப்பவரை அந்த ஓட்டத்திலிருந்து உடனே விலக்கும் துணிவு அந்த நடுவருக்கு வேண்டும். தங்கள் ஊர் விளையாட்டுக் கழகம் இதில் இறங்க விரும்பினால் எழுதுங்கள். தட அளவுகளையும் விதிகளையும் அடுத்த இதழில் விரிவாகத் தருகிறோம்.