வார்டுல இருந்து தியேட்டருக்கு: நர்ஸ்களோட கேள்விகளுக்கு பதில்

கேள்வி: அக்கா, நான் மெடிக்கல் வார்டுல இருக்கேன், ஆபரேஷன் தியேட்டருக்கு மாறினா இத்தனை வருஷ அனுபவம் வீணாயிடுமா?

பதில்: ஆகவே ஆகாதும்மா. மயக்கம் கொடுக்கறதுக்கு முன்னாடி பேஷன்டோட பயம், திடீர்னு ஏறுற பிபி, மாத்திரை அலர்ஜி, இதெல்லாம் வார்டு பார்த்தவங்க கண்ணுல தான் சட்டுனு படும்.

கேள்வி: சேர்ந்ததும் ஸ்க்ரப் பண்ண, அதாவது கையை நல்லா கழுவி, கவுனும் கிளவுஸும் போட்டுட்டு சர்ஜன் பக்கத்துல நின்னு கருவி எடுத்துக் கொடுக்க விடுவாங்களா சிஸ்டர்?

பதில்: நிறைய இடத்துல முதல்ல சர்குலேட்டிங் தான், அதாவது ஸ்க்ரப் பண்ணாம ரூமுக்குள்ள சுத்தி வந்து வேணுங்கறதை எடுத்துக் கொடுக்கற வேலை. அதை எடுபிடி வேலைன்னு நினைக்காதீங்க, மொத்த ரூமையும் பார்க்கறது நீங்க ஒருத்தர் தான். யாரோட கை இடுப்புக்கு கீழ போச்சு, யாரோட முதுகு ஸ்டெரைல் (கிருமி இல்லாத) டேபிள்ல உரசுச்சுன்னு பார்த்து உடனே சொல்லணும், சீனியர் சர்ஜனா இருந்தாலும் சரி.

கேள்வி: கவுன்ட், அதாவது ஆபரேஷன்ல எடுத்த காஸ் துணி, ஊசி, கருவியோட எண்ணிக்கை சரியா வரலை, டாக்டர் தைக்க ஆரம்பிச்சுட்டார்னா என்ன பண்றது?

பதில்: சத்தமா "கவுன்ட் தப்பு"ன்னு சொல்லி நிறுத்துங்க, இதுல தயவு தாட்சண்யமே வேண்டாம். ரத்தத்துல ஊறின காஸ் குடலுக்கு நடுவுல கிடந்தா கண்ணுக்கே தெரியாது, அதனால தான் அதுக்குள்ள எக்ஸ்ரேல தெரியற கோடு வச்சிருக்காங்க. முதல்ல வயித்துக்குள்ள, அப்புறம் டிரேப் (பேஷன்ட் மேல போர்த்தற துணி) மடிப்பு, பக்கெட், தரை, செருப்புக்கு அடியில கூட தேடுங்க, கிடைக்கலைன்னா எக்ஸ்ரே. கவுன்ட் முடியற வரைக்கும் ஒரு குப்பைப் பையும் ரூமை விட்டு வெளிய போகக்கூடாது. எண்ணும்போது ரெண்டு பேரும் பார்த்து, வாய்விட்டு, ஒவ்வொண்ணா பிரிச்சு எண்ணணும், கட்டா இருக்குன்னு பத்துன்னு எழுதிடாதீங்க. உலக சுகாதார நிறுவனம் 2008ல கொண்டுவந்த ஆபரேஷன் பாதுகாப்பு செக்லிஸ்ட்லயும் பேஷன்ட் ரூமை விட்டு போறதுக்கு முன்னாடி கவுன்ட் சரியான்னு நர்ஸ் வாயால சொல்லணும்னு இருக்கு.

கேள்வி: அடிக்கடி கை கழுவினா எனக்கு தோல் வெடிக்குது, தியேட்டர் ஒத்துவருமா?

பதில்: முதல்ல ஸ்கின் டாக்டரைப் பாருங்க, வெடிச்ச கையோட ஸ்க்ரப் பண்ணக்கூடாது. ஆனா இதுக்காக ஆசையை விடாதீங்க. அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரில கரோலின் ஹாம்ப்டன்னு ஒரு தியேட்டர் நர்ஸுக்கு பாதரச மருந்துத் தண்ணியால கை புண்ணாச்சு, அவங்களுக்காகத்தான் 1889-90 வாக்குல சர்ஜன் ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனிகிட்ட மெல்லிசா ரப்பர் கிளவுஸ் செய்யச் சொன்னார். லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) சேரலைன்னா லேடெக்ஸ் இல்லாத கிளவுஸ் கேளுங்க.

கேள்வி: முதல் நாள் மயங்கிடுவேனோன்னு பயமா இருக்குக்கா.

பதில்: சாப்பிட்டுட்டு போங்க, முட்டியை விறைப்பா வச்சுட்டு நிக்காதீங்க. தலை சுத்தினா டேபிள் மேல சாயாம பின்னாடி நகர்ந்து, சொல்லிட்டு தரையில உக்காந்துடுங்க, பக்கத்துல இருக்கறவங்க பார்த்துப்பாங்க.