நிறவெறி அரசுக்குத் துணைபோன நாடுகள்: படிப்பகத்தில் எதைப் பேசுவது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் எங்கள் படிப்பகத்தில் மாதம் ஒரு கூட்டம் நடத்துகிறோம். தென்னாப்பிரிக்க நிறவெறி அரசுக்கு மேற்கு நாட்டு அரசுகள் துணை நின்றபோது, அந்தந்த நாட்டு மக்களே எதிர்த்ததைப் பற்றி அடுத்த முறை நான் பேச வேண்டும். வருபவர்களில் பாதிப் பேர் ஹார்பர் வேலைக்காரர்கள். அரை மணி நேரத்தில் எதைச் சொல்ல, எதை விட?

பதில்: மண்டேலா பிறந்த ஊரிலிருந்து ஆரம்பித்தால் அரை மணியும் அதற்கே போய்விடும். நேராகக் கப்பலுக்கு வாருங்கள்.

1984 நவம்பர் கடைசியில் சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்துக்கு நெட்லாய்ட் கிம்பர்லி என்ற கப்பல் வந்தது. தொழிலாளர்கள் மற்ற சரக்கையெல்லாம் இறக்கினார்கள். தென்னாப்பிரிக்கச் சரக்கை மட்டும் தொடவில்லை. கோர்ட் உத்தரவு வரும்வரை, சுமார் 11 நாள், அது கப்பலுக்குள்ளேயே கிடந்தது. 1990ல் பக்கத்து ஊரான ஓக்லாந்துக்கு வந்த மண்டேலா, மேடையில் அந்தத் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தைச் சொல்லிப் பாராட்டினார். கப்பல் ஒரு நாள் கூடுதலாக நின்றால் யாருக்கு வலிக்கும் என்று உங்கள் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்து அயர்லாந்தின் தலைநகர் டப்ளின். 1984 ஜூலையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மேரி மேனிங் என்ற இளம்பெண், தென்னாப்பிரிக்கப் பழத்துக்கு பில் போட மறுத்தார். சங்கத்தின் முடிவு அது. வேலையிலிருந்து நிறுத்தினார்கள். உடன் வேலை பார்த்தவர்களும் வெளியே வந்துவிட்டார்கள். இரண்டே முக்கால் வருஷம் வாசலில் நின்றார்கள். 1987ல் அயர்லாந்து அரசே தென்னாப்பிரிக்கக் காய்கனி இறக்குமதியைத் தடை செய்தது. இதை அவசரமாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பெண்கள் அதிகம் வந்தால் இதையே முதலில் வையுங்கள்.

அமெரிக்க அதிபர் ரீகன், பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் அரசியலுக்கு ஐந்து நிமிடம் போதும். கம்யூனிச பயம், கனிமம், முதலீடு: பொருளாதாரத் தடை வேண்டாம் என்றதற்கு இவைதான் முக்கியக் காரணங்கள். வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். 1986 அக்டோபரில் ரீகனின் வீட்டோவை மீறியே அமெரிக்க நாடாளுமன்றம் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது.

ஓர் எச்சரிக்கை. 1974 டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவோடு ஆட மறுத்த இந்திய அணியில் நம்மூர் விஜய் அமிர்தராஜும் அவர் அண்ணன் ஆனந்தும் இருந்தார்கள். கைதட்டல் வாங்கும் கதைதான். ஆனால் அது இந்திய அரசின் முடிவு. 1946லேயே அந்த நாட்டோடு வியாபாரத்தை முறித்துக்கொண்டவர்கள் நாம். சொந்த அரசையே எதிர்த்து நிற்பது வேறு கணக்கு, இரண்டையும் குழப்பாதீர்கள். உள்ளூர்த் தொடர்பு வேண்டுமென்றால், 1860ல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச்சென்ற ட்ரூரோ கப்பல் மெட்ராசிலிருந்துதான் கிளம்பியது. இன்றைய ஹார்பர் கட்டுவதற்கும் முன்பு.

சரி, ‘பழம் வாங்காமல் விட்டதாலா ஆட்சி விழுந்தது?’ என்று யாராவது கேட்பார்கள். இல்லை என்றே சொல்லுங்கள். 1976ல் கறுப்பர் குடியிருப்பான சொவேட்டோவின் மாணவர்கள், பிறகு சுரங்கத் தொழிலாளர்கள் என்று உள்ளே எழுந்த போராட்டம்தான் அடிப்படை. வெளிப் போராட்டம் பண வழியை நெருக்கியது. 1985ல் அமெரிக்காவின் சேஸ் மன்ஹாட்டன் வங்கி தென்னாப்பிரிக்காவுக்குக் கொடுத்த கடனைப் புதுப்பிக்க மறுத்ததும் அந்நாட்டு நாணயமான ராண்டின் மதிப்பு சரிந்ததைச் சொன்னால் கேட்டவருக்குப் புரியும்.