மொரிஷியஸ் கெஸ்ட்ரல்: திரும்பி வந்த நிதி விண்ணப்பம்

மொரிஷியஸ் தீவின் சிறு வல்லூறான கெஸ்ட்ரலைக் காக்க நீங்கள் அனுப்பிய நிதி விண்ணப்பம் ஏன் திரும்பி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். களையெடுப்புக் கூலியை மூன்றாண்டுக்குச் சேர்த்து மறுபடி அனுப்புங்கள். கூடுப்பெட்டி, மரக்கன்று இரண்டை மட்டும் எழுதியதால்தான் உங்கள் விண்ணப்பம் திரும்பியிருக்கும். அங்கே களையாகப் பரவிய அயல் செடியான சீனக் கொய்யாவை ஒருமுறை வெட்டினால் போதாது. அடிக்கட்டையில் மறுபடி தளிர்விடும். அந்தப் புதர் அடைத்த காட்டுக்குள் இந்தச் சிறு வல்லூறால் பறந்து வேட்டையாட முடியாது.

அனுப்புமுன் ஒரு காலை பெட்டி வைக்கப்போகும் இடத்தில் நின்று, மரத்தண்டுகளில் வெயில் காயும் பச்சைப் பல்லிகளை எண்ணுங்கள். அவைதான் முக்கிய இரை. பல்லியில்லாத இடத்தில் பெட்டி எதற்கு?

ஆனால் பெட்டிகளை அடியோடு நீக்கிவிடாதீர்கள். 1974இல் காட்டில் நான்கே பறவைகள் தெரிந்த இனம் மீண்டதில் அவற்றுக்கும் பங்குண்டு. தாவரம் அறிந்த ஆய்வாளர் ஒருவருக்குச் சம்பளம் கட்டாயம் ஒதுக்குங்கள். புதிய தொண்டர்கள் நாட்டுக் கன்றையும் களையென்று பிடுங்கிவிடுவார்கள்.