ஆச்சி கேட்கும் பாஸ்புக்

கேள்வி: எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். ஆச்சி மட்டும் என்னையும் சித்தப்பா மகளையும் கூப்பிட்டு, "அவசரப்பட்டுக் கழுத்தை நீட்டிராதீங்க. கையில வேலை, உன் பேர்ல பாஸ்புக், அப்புறம்தான் தாலி" என்கிறாள். பெரியவர்களே இப்படிப் பேசலாமா என்று அப்பாவுக்குக் கோபம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(வாசகி, தாராவி, மும்பை)

பதில்: அப்பாவின் கோபம் இருக்கட்டும். எனக்கு அந்தப் பாஸ்புக்தான் முக்கியம்.

உங்கள் தொண்ணூறு அடி சாலைப் பக்கமே விடிவதற்கு முன்னால் இட்லி அவிகிற வீடுகளைப் பாருங்கள். மாவு ஊற்றுவது, துணியிலிருந்து சூடு பொறுத்துப் பிய்த்து எடுப்பது, சட்னி அரைப்பது எல்லாம் பெண்கள். பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டி சயான், மாட்டுங்கா என்று விற்கப் போகிறவர் ஆண். வந்த காசை எண்ணுகிறவரும் அவரே, வங்கிக் கணக்கும் அவர் பேரில். ஆயுள் முழுக்க அடுப்படியில் வெந்துவிட்டு, மருந்து வாங்க மகனிடம் கை நீட்டுகிற ஆச்சிகள் எத்தனை பேர்! உங்கள் ஆச்சி கல்யாணமே வேண்டாம் என்று சொல்லவில்லை. வெறுங்கையோடு போகாதே என்கிறார்.

பாஸ்புக்கோடு உயிலும் வேண்டும். இதை நான் எழுதாத மாதமில்லை, இனியும் எழுதுவேன். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 15: கணவனும் பிள்ளையும் இல்லாத பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சம்பாதித்த பணம் பெற்ற தாய்க்கு முன்னால் கணவனின் வாரிசுகளுக்குப் போகும். 1955இல் கல்யாணமாகி மூன்றே மாதத்தில் கணவனைப் பாம்புக்கடிக்குப் பறிகொடுத்த ஒரு பெண்ணைப் புகுந்த வீடு துரத்திவிட்டது. பெற்றவர்கள் படிக்க வைத்தார்கள். வேலைக்குப் போனாள், காசு சேர்த்தாள். அத்தனையும் கணவனின் உறவுக்கே என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சிகளும் இருந்திருந்தால் போதும். முத்திரைத்தாள்கூட வேண்டாம்.

"நாமினி போட்டாச்சே, உயில் எதுக்கு?" என்று என்னோடு சண்டை பிடிக்கும் டோம்பிவிலி வாசகருக்கு மறுபடியும் சொல்கிறேன்: நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், அதனால் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். காப்பீட்டுப் பணத்திலும் உச்ச நீதிமன்றம் 1984இல் இதையே சொன்னது; 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஆயுள் காப்பீட்டில் மட்டும் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் பொதுவாக அவர்களுக்கே சொந்தம்.

சரி, அப்பாவுக்கு வருகிறேன். இதே பம்பாயில் 11 வயதில் கட்டிவைக்கப்பட்ட ருக்மாபாய், வளர்ந்தபின் அந்தக் கணவனோடு வாழ மறுத்தார். போ, இல்லையேல் ஆறு மாதம் சிறை என்று 1887இல் நீதிமன்றம் சொன்னபோது, சிறைக்கே போகிறேன் என்றார். பிறகு லண்டன் போய் டாக்டராகித் திரும்பினார். அவரைத் திட்டிய பெரியவர்கள் ஊர் நிறைய இருந்தார்கள். உங்களுக்கோ வீட்டுக்குள்ளேயே ஒரு பெரியவர் பக்கபலமாக நிற்கிறார்.

மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிக்கும்போதே, "என் மகள் சம்பளம் அவள் கணக்கில்தான் இருக்கும்" என்று அப்பாவே நிச்சயத்துக்கு முன்னால் பேசிவிடட்டும். அதற்கு முகம் சுளிக்கிற வீடு உங்களுக்கு வேண்டாம்.