சத்தத்தை வைத்து ஷாக் அப்சார்பரைக் குறை சொல்லாதீர்கள்: கேள்வி பதில்

சேலம் வாசகர்: என் ஸ்விஃப்ட் 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஷாக் அப்சார்பர் தேய்ந்துவிட்டதா என்பதை எப்படி அறிவது?

பதில்: முதலில் டயரைத் தடவிப் பாருங்கள். உள்ளங்கையை டயரின் சுற்றுப்போக்கில் மெல்ல நகர்த்தும்போது ரப்பர் சீராக இல்லாமல், சில விரற்கடைக்கு ஒரு பள்ளமும் அதையடுத்து ஒரு மேடுமாகத் தட்டுப்பட்டால், பேலன்ஸிங்கிலும் பேரிங்கிலும் குறையில்லாத நிலையில், அந்தச் சக்கரம் சாலையில் பதிந்து ஓடாமல் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது என்று பொருள். பிறகு சக்கரத்தைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் ஷாக்கின் உடலைப் பாருங்கள். தண்டு மேலும் கீழும் போய்வரும்போது சீலைத் தாண்டி மெல்லிய எண்ணெய்ப் பூச்சு வெளிவருவது இயல்பு என்பதால், தூசி ஒட்டிய லேசான ஈரத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். அதைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டியபின் எண்ணெய் மீண்டும் வழிந்து இறங்கியிருந்தால் சீல் போய்விட்டது. பிரேக் பிடிக்கையில் வண்டி மூக்கைக் குத்துவதும், வேகத்தடையைத் தாண்டிய பின் ஒரே எழும்பலில் அடங்காமல் தொட்டில்போல இரண்டு மூன்று முறை ஆடுவதும் மற்ற அடையாளங்கள்.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவதே ஷாக்கின் வேலை. பிஸ்டன் எண்ணெயைச் சிறிய வால்வுகளின் வழியே தள்ளும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. இந்தத் திறன் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைவதால், தினமும் ஓட்டுபவருக்கு அது தெரிவதில்லை. வண்டியை இரவல் வாங்கி ஓட்டும் மைத்துனர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

மதுரை வாசகர்: பானெட்டின் ஓரத்தை அழுத்திவிட்டு, ஆடுகிறதா என்று பார்த்தால் போதும் என்கிறாரே எங்கள் மெக்கானிக்?

பதில்: அடியோடு செயலிழந்த ஷாக் அதில் தெரிந்துவிடும், பாதி தேய்ந்தது தெரியாது. கையால் அழுத்தும் வேகம் வேறு, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் குழியில் இறங்கும் சக்கரத்தின் வேகம் வேறு.

திருச்சி வாசகர்: சிறிய மேடு பள்ளங்களில் முன்பக்கம் 'கடகட'வென்று சத்தம் வருகிறது. ஷாக்கை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். தேய்ந்த ஷாக் பெரும்பாலும் ஊமை. இந்தச் சத்தத்தை எழுப்புவது அநேகமாக ஸ்டெபிலைசர் லிங்க் ராட் (திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் சிறு தண்டு), லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையின் ரப்பர்), ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக அமைந்த ஸ்ட்ரட்டின் உச்சித் தாங்கி) ஆகிய மூன்றில் ஒன்று. வண்டியைத் தூக்கி, லிங்க் ராடைக் கையால் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பந்து மூட்டு தளர்ந்திருந்தால் விரலிலேயே உணரலாம்.

கோவை வாசகர்: வலது முன்பக்க ஷாக் மட்டும்தான் கசிகிறது. அதை மட்டும் மாற்றலாமா?

பதில்: கூடாது. ஒரே அச்சின் இரு பக்கத்தையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்; இல்லையென்றால் திருப்பத்திலும் திடீர் பிரேக்கிலும் இரு பக்கமும் இரு விதமாக நடந்துகொள்ளும்.

ஈரோடு வாசகர்: எங்கள் ஊர் லேத் பட்டறையில் பழைய ஷாக்கில் துளையிட்டுப் புது எண்ணெய் ஊற்றி வெல்டிங் வைத்துத் தருகிறார்கள். புதியதன் விலையில் கால்பங்குதான் ஆகிறது.

பதில்: கார் ஷாக் திறப்பதற்காகச் செய்யப்பட்டதன்று, அதன் வாய் ஆலையிலேயே மடித்து மூடப்படுகிறது. துளையிடும்போது இரும்புத்தூள் உள்ளே விழும், வால்வின் தேய்மானம் அப்படியே இருக்கும், நைட்ரஜன் நிரப்பியதாயின் அந்த அழுத்தமும் போய்விடும். அழுத்தம் உள்ள குழாயில் துளையிடுவதும் தீ வைப்பதும் பட்டறைக்காரரின் உயிருக்கே ஆபத்து.

கரூர் வாசகர் (குறுக்கிட்டு): பைக்கின் முன் ஃபோர்க்கில் எண்ணெய் மாற்றுகிறோமே, அது மட்டும் எப்படிச் சரியாகும்?

பதில்: நல்ல கேள்வி. டெலஸ்கோபிக் ஃபோர்க்கைக் கழற்றி மாட்டும்படியே வடிவமைத்திருக்கிறார்கள். அதன் ஆயில் சீல் தனி உதிரிபாகமாகக் கடையில் கிடைக்கிறது, எவ்வளவு எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பதும் கையேட்டில் இருக்கிறது. உங்கள் காரின் ஷாக்குக்கு அப்படி ஓர் அளவைக் கையேட்டில் காட்டுங்கள், என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

யாழ்ப்பாண வாசகர்: அப்பாவின் மோரிஸ் மைனரில் நாங்கள் எண்ணெய் ஊற்றித்தான் ஓடினோம்.

பதில்: உண்மைதான். அதிலிருப்பது நெம்புகோல் வகை. எண்ணெய் ஊற்றவே அதற்கு ஒரு மூடி உண்டு. ஈரோட்டு நண்பரின் வண்டியில் அந்த மூடி இல்லை, அதனால்தான் அங்கே துளை போடுகிறார்கள்.

ஈரோடு வாசகர்: ஆனாலும் எட்டு மாதமாக நன்றாகத்தான் ஓடுகிறது.

பதில்: ஓடும். ஷாக்கே இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். ஈரச்சாலையில் நிற்குமா என்பதுதான் கேள்வி.

வேலூர் வாசகர்: கேஸ் ஷாக் நல்லதா, ஆயில் ஷாக் நல்லதா?

பதில்: கேஸ் ஷாக்கிலும் எண்ணெய்தான் வேலை செய்கிறது. எண்ணெய் நுரைத்துத் திறன் குறையாமல் நைட்ரஜன் அழுத்தம் காக்கிறது. வண்டியோடு எது வந்ததோ அதையே போடுங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: வீட்டிலேயே நான் மாற்றலாமா?

பதில்: பின்பக்கத்தில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் தனித்தனியாக இருந்தால், அச்சுக்கு அடியில் ஜாக் முட்டுக்கொடுத்துவிட்டுச் செய்யலாம். முன்பக்க ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவியான நல்ல ஸ்பிரிங் கம்ப்ரஸரால் முழுவதும் அடக்காமல் உச்சியின் நடு நட்டை ஒருபோதும் கழற்றாதீர்கள்; அடைபட்ட ஸ்பிரிங் பாய்ந்தால் முகம் மிஞ்சாது. நட்டு சுற்றுகிறதே என்று தண்டைப் பிளையரால் பிடித்தால், அந்தக் கீறல் புதிய சீலைச் சில நாட்களில் கிழித்துவிடும். பம்ப் ஸ்டாப்பையும் (ஷாக் முழுதும் அமுங்கும்போது அடி தாங்கும் ரப்பர்) தூசி உறையையும் சேர்த்தே மாற்றுங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, சக்கரம் தொங்கும் நிலையில் அல்லாமல், வண்டியின் எடை தரையில் இறங்கிய பின்னரே இறுதியாக முறுக்குங்கள். முன்பக்கம் மாற்றினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஜோடியாக மாற்றுங்கள் என்பதை மறுபடியும் சொல்லிவைக்கிறேன்.

சென்னை வாசகர்: ஏர் சஸ்பென்ஷன் உள்ள என் சொகுசுக் காரில்...

பதில்: அது என் துறையன்று, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தை அணுகுங்கள்.

நெல்லை வாசகர்: முன்பக்கம் 'கடகட' சத்தம்...

பதில்: திருச்சி வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: முன்பக்க ஷாக் இரண்டையும் புதிதாக மாற்றியும் அதே 'கடகட' சத்தம் வருகிறது ஐயா.

பதில்: அதற்கும் திருச்சிப் பதில்தான். கழற்றிய பழைய ஷாக்குகளைப் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி, நிமிர்த்தி வைத்துத் தண்டை அழுத்திப் பாருங்கள். எங்கும் இடறாமல், ஒரே சீரான தடையோடு இறங்கினால் அவற்றைப் பத்திரப்படுத்தி வையுங்கள். லிங்க் ராடை இன்றே பார்க்கச் சொல்லுங்கள்.