இரண்டு ராஜாக்கள் போதும்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு பழைய கிறிஸ்துமஸ் குடில் செட் வாங்கினேன். பிளாஸ்டர் பொம்மைகள். வீட்டில் பிரித்துப் பார்த்தால், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். மாட்டுக்கு ஒரு கொம்பு இல்லை. இடையர்களில் ஒருவர் வேறு செட்டிலிருந்து வந்தவர் போல, சூசையப்பரைவிட ஒரு தலை உயரம். உடைந்த சொரூபம் வீட்டுக்கு ஆகாது, புதுசு வாங்கு என்கிறார் மாமியார். எனக்கோ விட மனமில்லை.

எம்., புதுச்சேரி

அன்புள்ள எம்.,

விடாதீர்கள்.

முதலில் ராஜாக்கள். கிழக்கிலிருந்து ஞானிகள் வந்தார்கள் என்கிறார் நற்செய்தி எழுதிய மத்தேயு. எத்தனை பேர் என்று சொல்லவில்லை, ராஜாக்கள் என்றும் சொல்லவில்லை. பொன், தூபம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று. அதை வைத்து ஆளும் மூன்று என்று பின்னால் வந்தவர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். சிரியத் திருச்சபை மரபில் பன்னிரண்டு பேர். ரோமில் ஆதிக் கிறிஸ்தவர்களின் நிலத்தடிக் கல்லறைச் சுவர்களில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. தொமித்தில்லா கல்லறையில் நான்கு ஞானிகள். புனித பேதுரு–மார்செல்லினுஸ் கல்லறையில், நடுவில் மாதாவும் குழந்தையும், பக்கத்துக்கு ஒருவராக இரண்டே ஞானிகள். படம் இருபுறமும் சமமாக நிற்கட்டும் என்று வரைந்தவர் நினைத்திருக்கலாம். உங்கள் வீட்டு ராஜாக்களையும் அப்படியே நிறுத்துங்கள், யாரும் மூன்றாமவரைத் தேட மாட்டார்கள்.

மாட்டுக்கு வருவோம். நற்செய்திகளின் பிறப்புக் கதையில் மாடே கிடையாது! மாடு தன் எஜமானை அறியும், கழுதை அவன் தொட்டியை அறியும் என்று பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி ஏசாயா சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டும் கொட்டிலுக்குள் நுழைந்தன. 1223 கிறிஸ்துமஸுக்கு இத்தாலியின் கிரெச்சோ ஊரில் புனித அசிசி பிரான்சிஸ் குடில் அமைத்தபோது நிஜ மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். ஊர் மாடுதானே, அதன் கொம்பை யார் பார்த்திருப்பார்கள்?

அந்த நெட்டை இடையர்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவர். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரக் குடில்களில் மீன் விற்பவர், ரொட்டி சுடுபவர் என ஊரே கூடியிருக்கும். தூரம் தெரிய வேண்டும் என்று பெரிய பொம்மைகளை முன்னாலும் சின்னதை மலைமேல் பின்னாலும் வைப்பார்கள். உங்கள் இடையரையும் வாசலுக்கு வெளியே, முன்னால் நிறுத்துங்கள். வயலிலிருந்து இப்போதுதான் வந்து சேர்ந்தவர் ஆகிவிடுவார்.

மாமியார் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. மந்திரித்த சொரூபம் உருத்தெரியாமல் உடைந்தால் மண்ணில் புதைப்பது நம்மிடம் உள்ள வழக்கம். அது மரியாதைக்காக, தோஷத்துக்குப் பயந்து அல்ல. ஒரு கொம்பு போன மாடு அந்தக் கணக்கில் வராது. அவருக்கு மனசு ஆறவில்லையென்றால் ஃபாதரிடம் கொடுத்து மந்திரித்து வாங்கிவிடுங்கள், பேச்சு முடிந்தது.

புது செட்டில் எல்லா முகமும் ஒரே வார்ப்பு, ஒரே ரோஜா நிறக் கன்னம். உங்களுடையதில் யாரோ ஒரு வீட்டார் வருடா வருடம் எடுத்துவைத்த கைரேகை இருக்கிறது. எனக்கு இது போதும்.

அப்புறம், பிளாஸ்டர் என்பதால் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், வண்ணம் உரிந்துவிடும். உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். கொம்புக்கு எம்-சீல் வைக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.