சேற்றுக்கறை படிந்த அந்த நோட்டு

அண்ணே, வணக்கம்.

போன சனிக்கிழமை கடலூர் முதுநகரிலிருந்து, ஓவியம் படிக்க ஆசைப்படும் உங்கள் மகள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். நாற்காலியில் உட்காரும் முன்பே "படம் வரைஞ்சா சோறு கிடைக்குமாம்மா?" என்று கேட்டுவிட்டீர்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் எதிரில் அவசரப்பட்டு ஏதும் சொல்ல மனசு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் பெருமையாகக் காட்டிய, கண்ணாடி போட்ட முருகர் படம் நன்றாகத்தான் இருந்தது. அதுபோல வரைகிற பிள்ளைகள் மாதத்துக்கு நாலு பேர் என்னிடம் வருகிறார்கள். என் கண் நின்றது, கடைசியில் அவள் தயங்கித் தயங்கிப் பையிலிருந்து எடுத்த நோட்டில். பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுச் சேறு ஓரமெல்லாம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் முழுக்க வெண்கண்டல் மரத்து மூச்சு வேர்கள், பென்சிலைக் குத்தி வைத்த மாதிரி சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டு. பக்கத்தில் "காலை 6.40, தண்ணி இறங்குது" என்று குறிப்பு. அடுத்த பக்கத்தில் முருங்கைக்காய் போலத் தொங்கும் சுரபுன்னைக் காய். "இது மரத்துலயே மொளைச்சிட்டுத்தான் கீழ விழும் பாப்பா" என்று படகுக்காரர் சொன்னதை அவர் பேச்சு மாறாமல் எழுதி வைத்திருக்கிறாள்.

துறைமுகத்தில் மீன் விற்கும் அம்மாக்களை வரைந்த கதையும் சொன்னாள். "எங்க மூஞ்சிய ஏன்டி இவ்ளோ கோவமா போட்டிருக்க?" என்று ஒருவர் சண்டைக்கே வந்தாராம். இவள் மறுநாளும் போய், அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு வெற்றிலை போடும் நேரம் பார்த்துத் திரும்ப வரைந்து கொடுத்திருக்கிறாள். இப்போது அந்தம்மாவே கூப்பிட்டு உட்கார வைக்கிறாராம். அண்ணே, கை பழகினால் கோடு யாருக்கும் வரும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதும், நாலு பேர் தன்னை நம்பும்படி நடந்துகொள்வதும் எல்லோருக்கும் வராது. அவள் பிழைப்பு அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஓவியம் விற்று மட்டும் வீடு நடத்துவது ஆரம்ப வருஷங்களில் கஷ்டம், மறைக்கவில்லை. பெரிய ஆட்களுக்கே அப்படித்தான் இருந்தது. 1966இல் ஓவியர் கே.சி.எஸ்.பணிக்கர் தன் மாணவர்களோடு சேர்ந்து சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். அந்த ஓவியர்கள் மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள், ஓவியமும் வரைந்தார்கள். பக்கத்து வில்லியனூரில் சுடுமண் சிற்பம் செய்யும் வி.கே.முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கேயும் மூலதனம் உள்ளூர் மண்தான்.

உங்கள் மகள் மாதிரிப் பிள்ளைகளுக்கு வருமானம் ஒரே குழாயில் வராது. சிறுவர் புத்தகங்களுக்குப் படம், பள்ளிகளில் பயிலரங்கு, காடு கடல் பற்றிய விளக்கப் பலகைகள், சுவரோவியம் என்று நாலைந்து குழாய். ஒன்று அடைத்தால் இன்னொன்று சொட்டும். நிலையான சம்பளம்தான் வேண்டுமென்றால் ஓவிய ஆசிரியர் வேலை இருக்கிறது. அதற்கு உதவும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வை, லோயர், ஹையர் இரண்டையும், படிக்கும்போதே எழுதி வைக்கட்டும்.

படிப்புக்கு, 1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியும் கும்பகோணத்துக் கல்லூரியும் இருக்கின்றன. நாலு வருஷப் பட்டம். சேருவதற்கு மார்க் ஷீட் மட்டும் போதாது, உட்கார்ந்து வரைந்து காட்ட வேண்டும். புதுச்சேரி போகிற வழியில் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது, பஸ்ஸிலேயே போய் வரலாம். ஆனால் அது புதுச்சேரி அரசின் நிறுவனம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் என்று நேரில் போய்க் கேட்ட பிறகு விண்ணப்பம் போடுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: நகையை அடகு வைத்துத் தனியார் டிசைன் கல்லூரி வேண்டாம். மினுமினுக்கும் விளம்பரப் புத்தகத்தைப் பார்த்து நானே சில வருஷம் முன்பு ஒரு பையனை அப்படி அனுப்பினேன். மூன்றாம் வருஷம் பணம் கட்ட முடியாமல் திரும்பி வந்தான். அவன் அப்பா முகத்தை இன்னும் என்னால் நேராகப் பார்க்க முடிவதில்லை.

தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரை அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். உங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பேரை ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டி, உப்பனாற்றங்கரையில் கண்ணில் படும் செடி, நண்டு, பறவையை வரைய வைக்க வேண்டும். எட்டு வாரம். முதல் வாரம் பத்துப் பேரும் வருவார்கள். எட்டாவது வாரம் எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்குச் சொல்லட்டும். கலர் பென்சில் செலவு உங்களுடையது.

அடுத்த முறை வரும்போது முருகர் படம் வீட்டிலேயே இருக்கட்டும் அண்ணே. அந்த நோட்டையும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அண்ணிக்குத்தான் அதிக பயம் என்று பாப்பா சொன்னாள்.